'ஈக்கோடிசைன்' என்ற ஒரு சொல்லை நம்பி விறகு ஸ்டவ் வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் வீட்டுக்கு விறகு ஸ்டவ் போட யோசிக்கிறவர்கள், முக்கியமாக லண்டனில் இருக்கிறவர்கள், காசு கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். எங்கள் தெருவில் விறகு எரிக்கவே அனுமதி இல்லாத ஒரு ஸ்டவ்வை எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். வாங்கும்போது நேரிலும் கேட்டோம், மின்னஞ்சலிலும் கேட்டோம். "இது ஈக்கோடிசைன் ஸ்டவ். லண்டனில் எங்கேயும் விறகு எரிக்கலாம்" என்று எழுதி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது பொய். ஈக்கோடிசைன் என்பது புதிய ஸ்டவ்களுக்கான மாசு வரம்பு விதி மட்டும்தான்.

2022இல் எரிவாயு விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுடையது தென் லண்டனில் ஒரு பழைய டெரஸ் வீடு. முன் அறையில் பலகை அடித்து மூடிய ஒரு கணப்பு இருந்தது. அதைத் திறந்து ஒரு ஸ்டவ் வைத்தால், மாலையில் அந்த ஒரு அறையை மட்டும் சூடாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். எங்கள் பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்பது வீடு வாங்கிய நாளிலேயே தெரியும். அதனால்தான் கடையில் முதல் கேள்வியே அதைப் பற்றியதாக இருந்தது.

இந்தப் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய கரிப்புகை மூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதற்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது அதன் 1993ஆம் ஆண்டு வடிவம். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட புகையில்லா எரிபொருளை எரிக்கலாம். இல்லாவிட்டால், அரசின் விலக்குப் பட்டியலில் உள்ள ஸ்டவ்வில், அந்தப் பட்டியல் அனுமதிக்கும் எரிபொருளை எரிக்கலாம். விறகு இரண்டாவது வழியில் மட்டும்தான் வரும். இங்கிலாந்தில் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண் வரை தண்டம் போடலாம். விலக்கு இல்லாத ஸ்டவ்வில் எரிக்கவென்று அங்கீகாரமற்ற எரிபொருள் வாங்கினால் அபராதம் 1,000 பவுண் வரை போகும்.

ஏமாற்று நடக்கும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். 2022 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் விற்கும் ஒவ்வொரு புதிய ஸ்டவ்வும் ஈக்கோடிசைன் விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். அதாவது கடையில் இருக்கும் எல்லாப் புதிய ஸ்டவ்விலும் அந்தச் சொல் இருக்கும். அதை ஒரு தனிச் சிறப்பு மாதிரிக் காட்டி விற்பதே தவறு. ஈக்கோடிசைன் என்பது ஒரு கன மீட்டர் புகைவாயுவில் எத்தனை மில்லிகிராம் துகள் இருக்கிறது என்ற கணக்கு. சாதாரண மூடிய ஸ்டவ்வுக்கு வரம்பு 40. புகைக் கட்டுப்பாட்டு விலக்கு வேறு சோதனை. மணிக்கு எத்தனை கிராம் புகை என்று அதில் பார்க்கிறார்கள். 5 கிராம், அதற்கு மேல் ஸ்டவ்வின் ஒவ்வொரு 0.3 கிலோவாட்டுக்கும் 0.1 கிராம் என்பது அளவு. நன்றாக எரியும்போது மட்டுமல்ல, காற்றைக் குறைத்து மெதுவாக எரிக்கும்போதும் அந்த அளவுக்குள் நிற்க வேண்டும். அதனால் விலக்குப் பெற்ற பல ஸ்டவ்களில், காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் தண்டை முழுவதும் மூட முடியாது. உள்ளே ஒரு சின்ன இரும்புத் தடை இருக்கும். சில தயாரிப்பாளர்கள் அதைத் தனியாக, புகைக் கட்டுப்பாட்டு கிட் என்று தருவார்கள். அது பூட்டியிருந்தால்தான் அந்த மொடலுக்கு விலக்கு.

எங்களுக்கு விற்றது 8 கிலோவாட் மல்டிஃபியூவல் ஸ்டவ். விறகும் எரிக்கலாம், புகையில்லாக் கரியும் எரிக்கலாம், இரண்டு வசதியும் கையில் இருக்கும் என்றார்கள். எங்கள் முன் அறை நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர். 40 கன மீட்டர். பழைய வீட்டுக்குக் கன அளவைப் பத்தால் வகுத்தால் வேண்டிய கிலோவாட் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் போடும் கணக்கு. நாலு கிலோவாட் போதும். கடைக்காரர் அறையின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டார், அதற்குப் பிறகும் எட்டைத்தான் தள்ளினார். தேவைக்கு மேல் பெரிய ஸ்டவ் வைத்தால் அறை கொதிக்கும். உடனே காற்றைக் குறைப்போம். காற்றுக் குறைந்தால் விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமல் அப்படியே புகையாக வெளியே போகும். எங்கள் ஸ்டவ்வின் காற்றுத் தண்டு தடையே இல்லாமல் கடைசி வரை மூடியது.

பொருத்துவதற்குக் கடையே ஒருவரை அனுப்பியது. தமிழ் ஆள்தான். வேலை முடிந்ததும் சேர்ட்டிபிக்கேட் எங்கே என்று கேட்டேன். "அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, அது தபாலில வரும்" என்றார். வரவேயில்லை. ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவு செய்த பொருத்துநர் என்றால் அவரே வேலையைப் பதிந்து, சான்றிதழ் நம் கைக்கு வரும். பதிவில்லாதவர் செய்தால் வேலை தொடங்கும் முன்பே கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு அறிவித்து அவர்கள் வந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டுமே நடக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. வீட்டை விற்கும்போது சொலிசிற்றர் கேட்கும் கடதாசி அது. தீப்பிடித்தால் காப்புறுதிக்காரர் கேட்பதும் அதைத்தான்.

பனிக்காலம் தொடங்கியதும் தினமும் எரித்தோம். இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம் இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கு ஆஸ்துமா. அந்தத் தாய் ஒரு நாள் கதவைத் தட்டி, உங்கள் சிம்னிப் புகை எங்கள் மாடி அறைக்குள் வருகிறது, பிள்ளைக்கு இரவில் இழுக்கிறது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அன்றோடு நிறுத்தினோம். ஆனால் அதற்கு முன்பே யாரோ கவுன்சிலுக்கு எழுதியிருந்தார்கள். கடிதம் வந்தது. கவுன்சில் அதிகாரியுடன் தொலைபேசியில் கதைத்தேன். ஸ்டவ்வின் பின்பக்கத் தகட்டில் உள்ள மொடல் பெயரையும் எண்ணையும் கேட்டார். அரசின் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். அதே தயாரிப்பாளர், அதே வரிசைப் பெயர், ஆனால் பட்டியலில் இருப்பது 5 கிலோவாட் மொடல் மட்டும். அதுவும் கிட் பூட்டியிருந்தால். எங்கள் 8 கிலோவாட் பட்டியலிலேயே இல்லை. கடை அந்த வரிசைப் பெயரைக் காட்டித்தான் எங்களுக்கு விற்றிருக்கிறது.

கடைக்கு எழுதினேன். முதலில் "அதே மொடல்தானே" என்றார்கள். அப்புறம் பழியை விறகின் மேல் போட்டார்கள், ஈர விறகு எரித்திருப்பீர்கள் என்று. அந்த விறகை விற்றதும் அவர்களே. பெரிய சாக்கில், 'உலர்த்தியது' என்று சொல்லித் தந்தது. இங்கிலாந்தில் 2021 மே முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 'ரெடி டு பேர்ன்' முத்திரை வேண்டும். எங்கள் சாக்கில் முத்திரையே இல்லை. பிறகு வந்து பார்த்த பதிவு பெற்ற பொருத்துநர் ஒரு கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் ஈரமானி வைத்தார். முப்பதுக்குக் கிட்டக் காட்டியது. வெளிப்பக்கத்தில் வைத்தால் காய்ந்ததாகவே காட்டும், ஆகவே நீங்களும் பிளந்துதான் பார்க்க வேண்டும். ஈர விறகில் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். விறகு சரியாக எரியாமல் புகையும் தாருமாகப் புகைபோக்கிக்குள் படியும். சிம்னித் தீ பிடிப்பது அந்தத் தாரில்தான்.

அந்தப் பொருத்துநர் பார்த்துச் சொன்ன மற்ற விஷயங்களைக் கேட்டு எங்களுக்கு உண்மையிலேயே நடுக்கம் வந்தது. 5 கிலோவாட்டுக்கு மேலான ஸ்டவ் என்றால் அறைக்கு எப்போதும் திறந்திருக்கும் காற்றுத் துவாரம் வேண்டும். பழைய வீடுகளில் ஐந்துக்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர். எங்களுக்கு 1,650 இருந்திருக்க வேண்டும், ஒரு துளையும் போடவில்லை. கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம், அதுவும் வைக்கவில்லை. கணப்பின் வாயை மூடும் இரும்புத் தகடு சரியாக அடைக்கப்படவில்லை. பிள்ளைகள் படுத்து டிவி பார்த்த அறை அது. இதைப் பணப் பிரச்சினையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

லைனர் விஷயமும் முக்கியம். புகைபோக்கிக்குள் இறக்கும் துருப்பிடிக்காத உருக்குக் குழாயில் 316, 904 என்று இரண்டு தரம் உண்டு. விறகு மட்டும் என்றால் 316 போதும். கரியும் எரிப்பதென்றால் 904 போடச் சொல்வார்கள், ஏனென்றால் கரியிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயைத் தின்னும். விறகையும் கரியையும் ஒன்றாகப் போட்டு எரிக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். எங்களுக்கு இரண்டும் எரிக்கலாம் என்று விற்று 316ஐ இறக்கியிருந்தார்கள். விலை வித்தியாசம் யாருடைய பைக்குள் போனது என்று தெரியாது. மல்டிஃபியூவல் என்பதே எல்லோருக்கும் நல்லது என்ற பேச்சையும் நான் இப்போது ஏற்பதில்லை. கரிக்குக் கீழிருந்து காற்று வேண்டும், அதற்குக் கம்பித் தட்டு. விறகு சாம்பல் மெத்தையில் கிடந்து மேலிருந்து வரும் காற்றில் எரியும். விறகுதான் எரிக்கப் போகிறீர்கள் என்றால் விறகுக்கென்றே செய்த சின்ன ஸ்டவ்வைக் கேளுங்கள்.

காசு திரும்ப வந்த வழியைச் சொல்கிறேன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் விற்றவர் விவரித்தபடி இருக்க வேண்டும். முதல் 30 நாளுக்குள் என்றால் நேரடியாக மறுத்துப் பணத்தைக் கேட்கலாம். எங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு, திருத்தவோ மாற்றித் தரவோ ஒரு தடவை இடம் கொடுக்க வேண்டும். கொடுத்தோம், கடை பதிலே எழுதவில்லை. முற்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தது எங்களைக் காப்பாற்றியது. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, பொருளின் விலை 100 பவுணுக்கு மேல் 30,000 வரை இருந்தால் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் கோரலாம். கடையின் மின்னஞ்சல், தகட்டின் படம், டெஃப்ரா பட்டியலின் பக்கம், பொருத்துநரின் அறிக்கை எல்லாவற்றையும் அனுப்பினோம். இழுத்தடித்தார்கள், ஆனாலும் ஸ்டவ்வின் விலை வந்தது. பொருத்தியவருக்குத் தனியாக வங்கி மூலம் அனுப்பிய காசு வரவில்லை. அவருடைய தொலைபேசி இப்போது வேலை செய்வதில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், தயாரிப்பாளர் பெயர், மொடல், கிலோவாட், எரிபொருள் நான்கும் டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். கிட் வேண்டும் என்று அதில் இருந்தால், கிட் விலைச்சீட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். ஸ்டவ்களுக்குத் தரும் கிளியர்ஸ்கைஸ் என்ற தரச்சான்று முத்திரையில் மூன்றாம் நிலையோ அதற்கு மேலோ இருந்தால் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ஏற்றது. பொருத்திய அன்றே, ஆள் வீட்டில் நிற்கும்போதே, காற்றுத் தண்டைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். முழுவதும் மூடினால் ஏன் என்று கேளுங்கள். பொருத்துநரின் பதிவு எண்ணை ஹெட்டாஸ் தளத்தில் போட்டுப் பார்க்காமல் வீட்டுக்குள் விடாதீர்கள். பழைய ஸ்டவ்வை ஃபேஸ்புக்கில் மலிவாக வாங்குகிறவர்களுக்கும் இதே பட்டியல்தான் பொருந்தும்.

நாங்கள் திரும்ப ஸ்டவ் வைக்கவில்லை. எவ்வளவு நல்ல ஸ்டவ்வாக இருந்தாலும் அது வெளியே விடும் நுண்துகள் எரிவாயுக் கொதிகலனை விடப் பல மடங்கு அதிகம். வீட்டில் வேறு சூடாக்கும் வழி இருக்கும்போது, அந்தப் பிள்ளையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் திரும்ப விறகு எரிக்க மாட்டேன். இது எங்கள் முடிவு. கிராமப்புறத்தில் எரிவாயுக் குழாய் வராத வீடுகளின் நிலைமை வேறு.

அந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது. அதே 8 கிலோவாட் ஸ்டவ் முன் கண்ணாடியில், 'லண்டனுக்கு ஏற்றது' என்ற அட்டையோடு நிற்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் இலக்கத்துக்கு, 0808 223 1133, அழைத்து முறைப்பாடு பதிந்திருக்கிறோம். அவர்கள்தான் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் உடனே அழையுங்கள். ஸ்டவ்வின் தகட்டைப் படம் எடுத்து, கடையின் எழுத்துப் பதிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.