ஸ்கூல் ஸ்ட்ரீட்: பேரியரா, கேமராவா? என் ஓட்டு கேமராவுக்குத்தான்

கிழக்கு லண்டன்ல எங்க பசங்க படிக்கிற பிரைமரி ஸ்கூல் வாசல்ல, காலைல ஸ்கூல் ஆரம்பிக்கிற நேரத்துக்கும் சாயங்காலம் விடுற நேரத்துக்கும் மட்டும் வண்டிங்க வராம ரோட்ட மூடுறாங்க, இதுக்குப் பேர்தான் ஸ்கூல் ஸ்ட்ரீட். மொத ஒரு வருஷம் பெத்தவங்களே வாலண்டியரா நின்னு பேரியர் போட்டோம், அதுக்கப்புறம் கவுன்சில்கிட்ட (நம்ம ஊர் முனிசிபாலிட்டி மாதிரி) கேட்டு கேமராவுக்கு மாறிட்டோம். ரெண்டுலயும் இருந்து பாத்தாச்சு. உங்க ஏரியால கவுன்சில் கருத்து கேட்டு லெட்டர் போட்டிருந்தா, பதில் எழுதுறதுக்கு முன்னாடி இத படிச்சுக்கோங்க.

ஏன் மூடணும்ங்கறதுல பெருசா விவாதம் இல்ல. இத்தாலில போல்சானோ ஊர்ல 1989லயே ஆரம்பிச்ச விஷயம் இது. லண்டன்ல பிரென்ட், என்ஃபீல்ட், லாம்பெத் மூணு இடத்துலயும் 18 பிரைமரி ஸ்கூல்ல காத்து அளந்து பாத்து, காலைல பசங்க வர்ற நேரத்துல நைட்ரஜன் டையாக்சைடு 23% வரைக்கும் கொறஞ்சிருக்குன்னு 2021ல ரிப்போர்ட் வந்துச்சு. லண்டன் லூயிஷம்ல 9 வயசு சிறுமி எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா 2013ல ஆஸ்துமால செத்துப்போன கேஸ்ல, காத்து மாசும் அந்த சாவுக்கு காரணம்னு 2020 டிசம்பர்ல தீர்ப்பு வந்ததுலருந்து இங்க பெத்தவங்க யாரும் இத லேசா எடுத்துக்கறதில்ல.

பேரியர்ல நல்லது நெறைய இருக்கு, இல்லன்னு சொல்லல. செலவு கம்மி, சீக்கிரம் ஆரம்பிச்சிடலாம், மஞ்ச ஜாக்கெட் போட்டு ஒரு ஆள் நிக்கறப்ப எந்த வண்டியும் சர்ருனு உள்ள நுழையாது. ரோடு முழுக்க பசங்களோடதாயிடும், ஒருத்தருக்கொருத்தர் பேசாம கேட்லயே திரும்பிப் போற அம்மா அப்பாங்க நின்னு பேசுவாங்க. கேமரா வந்தப்புறம் அந்தக் கலகலப்பு கொஞ்சம் கொறஞ்சுதான் போச்சு, அது எனக்கு வருத்தம்தான்.

ஆனா தினமும் யார் நிக்கறது? இங்கதான் எல்லாமே மாட்டுது. செப்டம்பர்ல பேர் குடுக்க அத்தன பேர் வருவாங்க, பிப்ரவரி மழைல, விடிஞ்சும் விடியாத குளிர்ல பாத்தா அதே நாலஞ்சு பேர்தான் நிப்பாங்க, அதுல ஒருத்தருக்கு ஷிஃப்ட் மாறும், ஒருத்தர் குழந்தைக்கு காய்ச்சல் வரும், அன்னைக்கு ரோடு தெறந்தே கெடக்கும். தெறந்து கெடந்தா பழைய நெலமைதானேன்னு நெனைக்காதீங்க, அது பழைய நெலமைய விட மோசம். ஏன்னா பல வாரமா இந்த ரோட்டுல வண்டி வராதுன்னு பழகிப்போன பசங்க, கால்ல தள்ளி ஓட்டற சின்ன ஸ்கூட்டர உருட்டிக்கிட்டு இடம் வலம் பாக்காம எறங்குவாங்க. சில நாள் மூடி சில நாள் தெறக்கற ரோடு பசங்களுக்கு தப்பான பழக்கத்த கத்துக்குடுத்துடுது. நடந்து வர்றதும் அப்படித்தான், நாளைக்கு மூடியிருக்குமா இல்லையான்னு தெரியலன்னா எந்த வீட்டுலயும் கார் சாவிய கீழ வைக்க மாட்டாங்க. இது போக, நிக்கறவங்ககிட்ட கத்துற டிரைவருங்க. ஒரு வாலண்டியருக்கு அவங்கள நிறுத்த என்ன அதிகாரம் இருக்கு சொல்லுங்க, திட்டு வாங்கிக்கிட்டு நிக்கணும், ஒருதடவ வாங்கினவங்க மறுபடி பேர் குடுக்கறதில்ல.

கேமராவுக்கு லீவும் இல்ல, காய்ச்சலும் இல்ல. உள்ள வர்ற நம்பர் பிளேட்ட படிக்கும், பெர்மிட் இல்லன்னா வீட்டுக்கு ஃபைன் போகும், இப்ப லண்டன்ல 160 பவுண்ட், 14 நாளுக்குள்ள கட்டினா பாதி. இங்கிலாந்துல லண்டனுக்கு வெளிய இருக்கற கவுன்சிலுங்களும் 2022 மே கடைசிலருந்து இந்த அதிகாரத்த கேட்டு வாங்கிக்கலாம். கவுன்சில் காசு பாக்கத்தான் இதெல்லாம்னு சொல்றாங்க, எங்க தெருவுல ஆரம்பத்துல ஃபைன் வாங்கினவங்க பொலம்பினாங்க, அப்புறம் எல்லாரும் ரூட்ட மாத்திக்கிட்டாங்க. தூரத்துலருந்து வர்றவங்க ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வர்றாங்க, பக்கத்துல இருக்கறவங்க காரையே எடுக்கறதில்ல, ஸ்கூட்டர் ஸ்டாண்ட்ல எடம் பத்தல.

கொற என்னன்னா, கேமரா வண்டிய தடுக்காது, லெட்டர் மட்டும்தான் அனுப்பும். போர்ட பாக்காத டெலிவரி வேன் எப்பயாவது உள்ள வந்துடும், பெர்மிட் இருக்கற தெருக்காரங்களும் மெதுவா வருவாங்க. அதனால ரோட்டுல எறங்குறப்ப பாத்து எறங்கணும்னு பசங்களுக்கு சொல்லித்தான் ஆகணும். பக்கத்து தெருவுல கூட்டம் சேர்றது ரெண்டு முறைலயும் இருக்கு.

மூணாவதா ஒரு வழி இருக்கு, ரோட்ட நிரந்தரமா மூடி மரம் வச்சிடறது. பாரிஸ்ல 2020லருந்து 200க்கு மேல ஸ்கூல் தெருவ வாகனத்துக்கு மூடியிருக்காங்க, நெறைய இடத்துல செடி மரம்னு பச்சையாக்கிட்டாங்க. போனப்ப நடந்து பாத்தேன், ரொம்ப பிடிச்சிருந்தது. ஆனா அங்க குடியிருக்கறவங்க குப்ப வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் எப்படி சமாளிக்கறாங்கன்னு கூட இருந்து பாக்காம நான் அடிச்சு சொல்ல மாட்டேன். பஸ் போகாத சின்ன தெருன்னா கேட்டுப் பாக்கலாம்.

கவுன்சிலுக்கு எழுதறப்ப இதெல்லாம் கேளுங்க: கேமரா அங்கயே நிக்குமா, இல்ல ஸ்கூல் ஸ்கூலா மாத்துவாங்களா? வீட்டுக்கு வந்து வயசானவங்கள பாத்துக்கற கேரருக்கும் ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிங்களுக்கான பார்க்கிங் அட்டை) வச்சிருக்கறவங்களுக்கும் பெர்மிட் எப்படி? பக்கத்து தெருவையும் சேத்துக்க முடியுமா? முக்கியமா, ஆரம்ப வாரங்கள்ல கேமராவோட ஆளும் நிக்க ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க, கொஞ்ச நாள்தான்னா வாலண்டியரும் தாராளமா கெடைப்பாங்க.