மனச்சிதைவுக்குத் தினசரி மாத்திரையா, டெப்போ ஊசியா?

சைக்கோசிஸ் ஒரு நிலை. ஆளில்லாமல் குரல் கேட்கும், யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை அசையாது. மனச்சிதைவிலும் வரும், போதைப்பொருளாலும் வரும். இங்கே பேசுவது மனச்சிதைவு என்று உறுதியானவர்களைப் பற்றி மட்டும். டெப்போ என்பது, தசையில் ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் மருந்தை மெதுவாக உடலுக்குள் விடும் ஊசி.

மாத்திரையின் வசதி, டோஸைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம். தொல்லை என்னவென்றால், உள்ளே போனதா என்பதே சந்தேகம். சிலர் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, நர்ஸ் நகர்ந்ததும் துப்பிவிடுவார்கள். மறுபடி குரல் கேட்கத் தொடங்கினால், மருந்து பலிக்கவில்லையா, அவர் சாப்பிடவே இல்லையா? விடை தெரியாமலே டோஸ் கூடும்.

ஊசியின் உண்மையான லாபம் இங்கேதான். வரவேண்டிய நாளில் ஆள் வரவில்லையென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. இந்த மருந்துகளின் ஆபத்தான பக்கவிளைவாகக் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் மருந்தை உடனே நிறுத்தவேண்டும். டெப்போவில் அதற்கு வழியில்லை. அதனால்தான் முதலில் மாத்திரையாகக் கொடுத்து உடல் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஊசிகளும் ஒரே ரகமல்ல. ஹாலோபெரிடால் டெக்கனோயேட் எள்ளெண்ணெயில் கரைத்தது. எள் அலர்ஜி உண்டா என்று கேளுங்கள். தோலை ஒருபக்கம் இழுத்துப்பிடித்து ஆழமாகப் போடுங்கள், தேய்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ரிஸ்பெரிடோன் ஊசி, முதல் மூன்று வாரம் கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கும். அதுவரை மாத்திரை தொடரவேண்டும். 'ஊசிதான் போட்டாச்சே' என்று நிறுத்தினால் வினைதான். பாலிபெரிடோன் மாத ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை. 1ஆம் நாளும் 8ஆம் நாளும் தோள்தசையில் போட்டு ரத்தத்தில் மருந்தின் அளவை வேகமாக ஏற்றிவிடலாம். ஒலன்சபின் பமோயேட் போட்டால் மூன்று மணி நேரமாவது ஆளை வீட்டுக்கு விடக்கூடாது. திடீர் மயக்கமும் நாக்குழறலும் வரலாம்.

என்னைக் கேட்டால், மாத்திரையை அடிக்கடி விடுபவர்களுக்கு ஊசியைச் சீக்கிரமே சொல்லிப்பார்க்கலாம். ஆனால் 'மாத்திரை போடாவிட்டால் ஊசிதான்' என்று மிரட்டும் வார்டில் ஊசி தண்டனையாகிவிடும், அப்புறம் சம்மதம் கிடைப்பது கஷ்டம்.

க்ளோசபினுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. பிற மருந்துகள் கைவிட்டபின் வரும் மருந்து, டெப்போ வடிவம் கிடையாது, வெள்ளணுக்களை ரத்தப் பரிசோதனையில் தொடர்ந்து பார்க்கவேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸில் தொடரக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். ஆகவே க்ளோசபின் சாப்பிடுபவர் அட்மிட் ஆனதும், கடைசி மாத்திரை எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிவிடுங்கள்.