பெடல் 250, டிரெய்னர் 242: எந்த வாட்டை நம்புவது?

வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்ட உதவும் கருவி) ஓட்ட ஆரம்பித்த முதல் வாரமே இந்தச் சந்தேகம் வந்துவிடும். சைக்கிளில் நாம் மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் ஒரு பவர் மீட்டர் இருக்கிறது, டிரெய்னரும் தன் பங்குக்கு வாட் காட்டுகிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை, உடனே எதுவோ பழுது என்று நினைத்துவிடுகிறோம். பெடல் மீட்டரின் 250-க்கு டிரெய்னர் 242 காட்டினால் பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருக்கின்றன. பெடல் மீட்டர் கால் மிதிக்கும் இடத்திலேயே அளக்கிறது. டைரக்ட் டிரைவ் டிரெய்னருக்கு (பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு செயினை நேரே மாட்டும் வகை) அதே சக்தி செயினையும் பல்சக்கரங்களையும் தாண்டித்தான் போய்ச் சேர வேண்டும், வழியில் 2 முதல் 4 சதவீதம் வரை உராய்வில் போய்விடும், செயின் அழுக்கேறிக் கிடந்தால் இன்னும் கூடுதலாகவே போகும். டிரெய்னர் பெடலைவிட அதிகமாகக் காட்டினால்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

பின் டயரை உருளை மேல் அழுத்தி ஓட்டும் மலிவான டிரெய்னரின் வாட்டை நான் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதில்லை. அவற்றில் பல, வேகத்தை வைத்து வாட்டைக் கணக்குப் போட்டுத்தான் சொல்கின்றன. டயர் சூடாகச் சூடாக உராய்வு குறைகிறது, நாம் மிதிப்பது குறைகிறது, எண் மட்டும் அப்படியே நிற்கிறது. இதுதான் உங்களிடம் இருக்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே காற்றழுத்தம், உருளைக்கு ஒரே அழுத்தம், 10–15 நிமிடம் ஓட்டிய பிறகு ஸ்பின் டவுன் (வேகமேற்றி மிதிப்பதை நிறுத்தி, வேகம் தானாகக் குறையும் நேரத்தை வைத்துச் செய்யும் அளவுத் திருத்தம்). வேறு வழியில்லை.

இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டு) மட்டும் உள்ள மீட்டர் விலை குறைவு, அதனால்தான் நிறையப் பேரிடம் இருக்கிறது. அது இடது காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது, அவ்வளவுதான். இடது 48, வலது 52 என்று மிதிப்பவர் 250 வாட் போட்டால் அது 240 என்று காட்டும். இந்த விகிதம் எப்போதும் அப்படியே இருந்தாலாவது பழகிக்கொள்ளலாம், ஆனால் களைப்பு ஏற ஏற அது நகரும், அதுதான் என் குறை.

மிச்சம் இருப்பது இரண்டு பக்கமும் அளக்கும் பெடலும் நல்ல டைரக்ட் டிரைவ் டிரெய்னரும். ஃபாவேரோ அஸியோமா டுவோ பெடல், வாஹூ கிக்கர், டாக்ஸ் நியோ 2டி டிரெய்னர்கள் எல்லாமே கூட்டல் கழித்தல் 1 சதவீதம் என்றுதான் சொல்லி விற்கிறார்கள், ஆகவே காகிதத்தில் சண்டையே இல்லை. நான் பெடல் பக்கம். காரணம், அது ரோட்டுக்கும் என்னோடு வருகிறது, உள்ளே போட்ட 250-உம் வெளியே போட்ட 250-உம் ஒரே அளவுகோலில் இருக்கின்றன. டிரெய்னரின் பலம் வேறு: நியோவுக்குக் கேலிப்ரேஷனே (அளவுத் திருத்தம்) கிடையாது, 5-ஆம் பதிப்பு முதல் கிக்கரும் தானே பார்த்துக்கொள்கிறது. பெடலுக்கு நாம்தான் மெனக்கெட வேண்டும்.

அந்த மெனக்கெடலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சென்னை வெயிலில் பால்கனியில் நின்ற சைக்கிளை ஏசி அறைக்குள் தூக்கி வந்து, மாட்டிய கையோடு ஜீரோ ஆஃப்செட் (பாரமில்லாதபோது மீட்டரைப் பூஜ்யத்துக்கு அமைப்பது) செய்தால் அது சூடான உலோகத்துக்கான பூஜ்யம். கால் மணி நேரத்தில் உலோகம் குளிர்ந்ததும் பூஜ்யம் நகர்ந்திருக்கலாம். திருப்புவிசை வெறும் அரை நியூட்டன் மீட்டர் தவறினாலே 90 கேடன்ஸில் (நிமிடத்துக்கு 90 சுற்று) கிட்டத்தட்ட 5 வாட், இடது மட்டும் அளக்கும் மீட்டரில் அதுவும் இரட்டிப்பாகிவிடும். நான் கால் மணி நேரம் லேசாக மிதித்துவிட்டு, இறங்கி, பெடலில் எந்தப் பாரமும் இல்லாமல் ஆஃப்செட் செய்துவிட்டு மறுபடி ஏறுகிறேன். அப்புறம் கிராங்க் நீளம்: சைக்கிளில் 165 மில்லிமீட்டர் இருக்க ஆப்பில் 172.5 என்று விட்டுவைத்தால் 250 வாட் 261 ஆகத் தெரியும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், பயிற்சி முழுக்கப் பாழ்.

எர்க் மோடில் (நாம் சொன்ன வாட்டில் டிரெய்னரே பாரத்தை நிறுத்திவைக்கும் முறை) இன்னொன்று. டிரெய்னர் தன் சொந்த அளவை வைத்துத்தான் பாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது, திரையில் நேர்கோடாக ஓடும் 200-ஐப் பார்த்து அதுதான் துல்லியம் என்று நினைக்காதீர்கள், சில டிரெய்னர்கள் எண்ணைச் சமப்படுத்தித்தான் காட்டுகின்றன. டிரெய்னர்ரோடு போன்ற ஆப்களில் பவர் மேட்ச் போட்டால் பெடல் சொல்வதைக் கேட்டு டிரெய்னர் நடக்கும். நீண்ட இன்டர்வெலுக்கு (இடைவெளி விட்டுக் கடினமாக மிதிக்கும் கட்டம்) அருமை. 15, 30 வினாடி இன்டர்வெல்லில் பாரம் வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போய்விடும், அதற்கு நான் எர்க்கையே அணைத்துவிட்டு கியரில் ஓட்டுகிறேன்.

இடது மீட்டரும் டைரக்ட் டிரைவும் வைத்திருப்பவர்கள் மட்டும் வீட்டுக்குள் டிரெய்னரை நம்புங்கள். ஆனால் எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வாட்) சோதனையை உள்ளே டிரெய்னரில் ஒரு முறை, வெளியே மீட்டரில் ஒரு முறை எடுத்து, இரண்டு எண்ணையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.