வெயிலில் வேலை, ஏசியில் வேலை: இன்ஸ்டிங்க்ட் 2 சோலாரும் டி-ரெக்ஸ் 2-ம் நீண்டநாள் பயன்பாட்டில்

நான் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் சைட் இன்ஜினியர். பகல் முழுக்க வெயில், தூசி, இரும்புக் கம்பி, சிமெண்ட். அதே சாலையில் கொஞ்ச தூரம் தள்ளி தம்பிக்கு ஏசி ஆபீஸ். என் கையில் வெயிலிலும் சார்ஜ் ஏறும் கார்மின் இன்ஸ்டிங்க்ட் 2 சோலார் வாட்ச்; அவன் கையில் அமேஸ்ஃபிட் டி-ரெக்ஸ் 2 வாட்ச். இரண்டுமே 2022-இல் வெளிவந்த மாடல்கள். வருஷக்கணக்கில் கட்டியிருக்கிறோம். நடுநடுவே வாரக்கணக்கில் மாற்றிக் கட்டியும் பார்த்தோம். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

இந்த வகை வாட்ச் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜிபிஎஸ் துல்லியத்தையும் எத்தனை விளையாட்டு மோடு இருக்கிறது என்பதையும்தான் ஒப்பிடுகிறார்கள். தினமும் கட்டப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது திரை. அதைவிட முக்கியம், அவருடைய பகல் பொழுது எங்கே கழிகிறது என்பது.

இன்ஸ்டிங்க்டில் இருப்பது எம்ஐபி (மெமரி-இன்-பிக்சல்) வகைக் கறுப்பு வெள்ளைத் திரை, 176-க்கு 176 பிக்சல். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் மங்கலாக, பழைய கால்குலேட்டர் மாதிரி இருக்கும். அதனாலேயே பலர் கையில் எடுத்ததும் திருப்பி வைத்துவிடுகிறார்கள். ஆனால் இந்தத் திரை தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் எழுத்தைக் காட்டுகிறது. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும். மே மாதம் மதியம் ஸ்லாப் மேல் நின்றுகொண்டு போனைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளங்கையைக் குடையாகப் பிடிக்க வேண்டும். வாட்சுக்கு அந்தத் தேவையே இல்லை. எந்நேரமும் ஏதாவது காட்டிக்கொண்டே இருப்பதால் கையைத் திருப்பி எழுப்ப வேண்டியதும் இல்லை. ஒரு கையில் டேப், மறு கையில் டிராயிங் பிடித்திருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குப் புரியும்.

டி-ரெக்ஸ் 2-இல் 1.39 அங்குல அமோலெட், அதாவது தானே ஒளிரும் வண்ணத் திரை, 454-க்கு 454 பிக்சல். ஆபீஸ், வீடு, மாலை நேரம், இரவு என்று எங்கே பார்த்தாலும் இதுதான் அழகு. வந்த மெசேஜை முழுசாகப் படிக்கலாம். எங்கள் அம்மா கண்ணாடி போடாமலே தம்பி கையில் மணி பார்த்துச் சொல்கிறார். என் வாட்சில் அது நடக்காது. திருவண்ணாமலை கிரிவலம் போன இரவில் 14 கிலோமீட்டரும் அவன் வாட்சில் எத்தனை தூரம் ஆயிற்று என்று பக்கத்தில் நடந்த எனக்கே தெரிந்தது. நான் ஒவ்வொரு முறையும் லைட் பட்டனை அழுத்தித்தான் பார்த்தேன். இருட்டில் அமோலெட், வெயிலில் எம்ஐபி. இந்த இரண்டில் எது உங்களுக்கு அதிகம் என்று யோசித்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

பேட்டரி விஷயத்தில் கம்பெனி சொல்லும் எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் படிக்க வேண்டும். இன்ஸ்டிங்க்ட் 2 சோலாருக்கு 28 நாள், வெயில் இருந்தால் வரம்பே இல்லை என்கிறது கார்மின். அந்த 'வெயில்' என்பது தினமும் 3 மணி நேரம் 50,000 லக்ஸ் வெளிச்சம் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). ஆபீஸ் மேஜை மேல் விழுவது சில நூறு லக்ஸ்தான். உச்சி வெயில் ஒரு லட்சத்தை எட்டும். ஆக, ஆபீஸில் இருப்பவர் சோலாருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். முழுக்கைச் சட்டை போடுகிறவருக்கும் அப்படியே. துணிக்குள் இருக்கும் வாட்சுக்கு ஏது சூரியன்? என் வேலையில் அது நன்றாகவே உதவுகிறது. கோடைக்காலத்தில் சார்ஜர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவு அபூர்வமாகத்தான் எடுக்கிறேன். மழைக்காலத்திலும், ஜிபிஎஸ் போட்டு அதிகம் ஓடும் வாரங்களிலும் அந்தச் சலுகை போய்விடும்.

டி-ரெக்ஸ் 2-க்கு வழக்கமான பயன்பாட்டில் 24 நாள் என்று போட்டிருக்கிறார்கள். திரையை எப்போதும் எரியவிட்டால் அந்தக் கணக்கு சட்டென்று சுருங்கிவிடும். கை தூக்கினால் எரியும்படி வைத்திருக்கும் தம்பிக்கு இரண்டு வாரத்துக்கு மேலே வருகிறது. தினமும் சார்ஜ் கேட்கும் வாட்சுகளோடு வைத்துப் பார்த்தால் இதுவே பெரிய விடுதலை.

நீண்ட பேட்டரியின் அருமை முழுசாகத் தெரிந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. எங்கள் பக்கம் தெருவில் தண்ணீர், கரண்ட் போய்விட்டது, போனில் சிக்னல் இல்லை. இருக்கிற சார்ஜைக் காப்பாற்றப் போனை அணைத்தே வைத்திருந்தோம். வீட்டில் மணி காட்டியதும், அப்பாவின் மாத்திரைக்கு அலாரம் அடித்ததும் இந்த இரண்டு வாட்சுகள்தான். என்னுடையதில் காற்றழுத்தக் கோடு முந்தின நாளில் இருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. புயல் எச்சரிக்கையை இயக்கி வைத்தால் அழுத்தம் வேகமாக இறங்கும்போது வாட்ச் அதிர்ந்து சொல்லும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரி 1013 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தினமும் ஒரு பார்வை பார்ப்பது எனக்கு அப்போதிலிருந்து பழக்கமாகிவிட்டது. கான்கிரீட் போடும் நாளை முடிவு செய்யும்போது வானிலை அறிக்கையோடு இதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஜிபிஎஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெசன்ட் நகர் கடற்கரை, ஈசிஆர் மாதிரி திறந்த வெளியில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் நூறடிச் சாலையில் மெட்ரோ மேம்பாலத்துக்குக் கீழே ஓடினால்தான் வித்தியாசம் தெரியும். சிக்னல் கான்கிரீட்டில் பட்டுத் திரும்பி வரும். நேராக வந்தது எது, தெறித்து வந்தது எது என்று வாட்ச் பிரித்தறிய வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னல்களில் 1575.42 மெகாஹெர்ட்ஸ் எல்1-ஓடு 1176.45 மெகாஹெர்ட்ஸ் எல்5-ஐயும் டி-ரெக்ஸ் 2 வாங்கும். எல்5-இன் குறியீடு (சிக்னலில் ஓடும் துடிப்பு வரிசை) எல்1-இன் பொதுக் குறியீட்டைவிடப் பத்து மடங்கு வேகமானது என்பதால் தெறித்து வரும் சிக்னலைக் கழித்துவிடுவது சுலபம். இன்ஸ்டிங்க்ட் 2-இல் எல்5 கிடையாது. மாரத்தானுக்கு நகரத் தெருவில் பயிற்சி எடுப்பவருக்கு இது முக்கியம். காலையில் நடப்பவருக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை.

மலையில் தூரத்தைவிட ஏற்றம்தான் கணக்கு. வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்குத் தெரியும், ஏழு மலையையும் கிலோமீட்டரில் சொன்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஏறிய மீட்டரைப் பார்த்தால்தான் தொடை ஏன் நடுங்குகிறது என்று புரியும். இரண்டிலும் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் இருக்கிறது. தாழ்வான இடங்களில் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். அதை வைத்துத்தான் உயரத்தைச் சொல்கிறது. பாரோமீட்டர் துளையில் சிமெண்ட் தூசியோ வியர்வை உப்போ அடைத்துக்கொண்டால் உயரம் தாறுமாறாக ஓடும். வெறும் தண்ணீரில் அலசினாலே சரியாகிவிடும். ஊசி விட்டுக் குத்தவே கூடாது.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம்: வியர்வை. சென்னைப் புழுக்கத்தில் சிலிக்கான் ஸ்ட்ராப்பை இருபத்து நான்கு மணி நேரமும் கட்டியிருந்தால் யாருக்கானாலும் தோல் சிவக்கும், அரிக்கும். வியர்வையும் சோப்பும் ஸ்ட்ராப்புக்கு அடியில் காயாமல் தங்குவதுதான் காரணம். குளித்ததும் கழற்றி, கையையும் ஸ்ட்ராப்பையும் தனித்தனியாகத் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுவிட்டுக் கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் கை மாற்றுங்கள். நான் நைலான் ஸ்ட்ராப்புக்கு மாறியபிறகு அரிப்பு நின்றது. ஆனால் நைலானைத் துவைக்காவிட்டால் நாறும். சார்ஜ் ஏறும் உலோக முனைகளில் உப்பு படியும் என்பதால் அங்கேயும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒயரை மாட்டுவது நல்லது. கார்மினின் நான்கு முனை ஒயர் பல வருஷ மாடல்களுக்குப் பொதுவாக இருப்பது ஒரு வசதி. ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டால் அங்கே கார்மின் கட்டியிருக்கும் யாரிடமாவது கிடைத்துவிடும்.

மில்-எஸ்டிடி-810 என்று இரண்டு பெட்டியிலும் போட்டிருக்கிறது. அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தெந்தச் சோதனை செய்வது என்பதைத் தேர்ந்தெடுப்பது தயாரிப்பாளரேதான். உடையவே உடையாது என்ற உத்தரவாதமாக அதைப் படிக்காதீர்கள். என் அனுபவத்தில் இரண்டையும் காப்பாற்றுவது கண்ணாடியைவிடச் சற்று உயர்ந்து நிற்கும் விளிம்புதான். சென்ட்ரிங் பலகையிலும் கம்பியிலும் எத்தனையோ முறை இடித்திருக்கிறேன். விளிம்பில் கீறல் நிறைய, கண்ணாடியில் ஒன்றுமில்லை. 10 ஏடிஎம் (நூறு மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கும் தரம்) என்பதால் மழை, குளியல், நீச்சல் எதற்கும் பயமில்லை. வெந்நீரையும் சோப்பையும் மட்டும் தவிர்த்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நீண்ட நாள் உழைக்கும்.

பட்டன் பற்றி ஒரு வார்த்தை. இன்ஸ்டிங்க்டில் ஐந்து பட்டன், தொடுதிரை கிடையாது. முதல் சில நாள் திணறும்; பழகியபின் கையுறையோடும் மழையிலும் கண்ணால் பார்க்காமலே இயக்கலாம். டி-ரெக்ஸ் 2-இல் தொடுதிரையும் உண்டு, நான்கு பட்டனும் உண்டு. ஈரக் கையில் திரை சொன்னபடி கேட்காதபோது பட்டன் கைகொடுக்கும்.

என் வேலையில் நான் அதிகம் நன்றி சொல்வது ஒரு சின்ன விஷயத்துக்கு. மிக்சரும் வைப்ரேட்டரும் ஓடும்போது போன் அடிப்பது காதில் விழாது. பையில் அதிர்ந்தாலும் தெரியாது. மணிக்கட்டில் அதிர்வது தெரிகிறது, யார் கூப்பிடுகிறார்கள் என்றும் தெரிகிறது. பேசுவதற்குப் போனைத்தான் எடுக்க வேண்டும், இரண்டு வாட்சிலும் மைக் இல்லை. ஆனாலும் வீட்டில் இருந்து வரும் அவசர அழைப்பு தவறுவதில்லை.

இதயத் துடிப்பு இரண்டிலும் உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும்போதும் நம்பத்தக்கது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓடும்போதும், கனமானதை இறுக்கிப் பிடித்துத் தூக்கும்போதும் மணிக்கட்டில் பச்சை விளக்கு வைத்து அளப்பதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான் வழி. ஒரு மருத்துவ முடிவை இந்த எண்களை வைத்து யாரும் எடுக்கக் கூடாது.

விலையில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. அமெரிக்காவில் அறிமுகமானபோது இன்ஸ்டிங்க்ட் 2 சோலார் 449.99 டாலர், டி-ரெக்ஸ் 2 229.99 டாலர். ஏசி அறையில் இருந்துகொண்டு காலையிலோ மாலையிலோ ஓடுகிறவர் பாதி விலையில் டி-ரெக்ஸ் வாங்கினால் போதும், எதையும் இழக்க மாட்டார். சைட், வயல், கடல், டெலிவரி, டிராஃபிக் போலீஸ் என்று வெயிலிலேயே நிற்கிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் தகும்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு இன்னும் நல்ல தேர்வுகள் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் வந்த டி-ரெக்ஸ் 3-இல் இணையம் இல்லாமலே வரைபடம் பார்க்கலாம், திரையும் 2,000 நிட்ஸ் (திரைப் பிரகாசத்தின் அலகு) வரை எரியும். தம்பி அதன் மேல்தான் கண் வைத்திருக்கிறான். 2025 ஜனவரியில் வந்த இன்ஸ்டிங்க்ட் 3-ஐ அமோலெட், சோலார் என்று இரண்டு விதமாகவே விற்கிறார்கள். எல்5-ஐயும் சேர்த்துவிட்டார்கள், டார்ச் விளக்கும் வைத்திருக்கிறார்கள். என் வாட்ச் இன்னும் நன்றாக ஓடுவதால் மாற்றும் எண்ணம் இல்லை. மாற்றும் நாள் வந்தால் சோலாரையே எடுப்பேன். பேஸ்மென்டில் கம்பி சரிபார்க்க இறங்கும்போது அந்த டார்ச் கையிலேயே இருக்கும்.