கடலோரக் கொழும்பில லோ பாண்ட் கொன்ரெஸ்ட்: ‘இன்வேர்ட்டட் வி’யோ ‘இன்வேர்ட்டட் எல்’லோ?

தெஹிவளையில கடலுக்கு ரெண்டு ஒழுங்கை உள்ளுக்க வீடு, வளவில உயரமான தென்னை ஒண்டு, பின் மதிலோட ஒரு இரும்புப் பைப், அவ்வளவுதான் எனக்கு இருக்கிற இடம். இதில ஹாம் றேடியோவில 80, 160 மீற்றர் அலைநீள பாண்டுகளில (லோ பாண்ட்) நடக்கிற கொன்ரெஸ்டுக்கு, அதாவது கனக்க ஸ்ரேஷன்களோட தொடர்பு எடுத்துப் பொயின்ற் சேக்கிற போட்டிக்கு, எந்த அன்ரெனாவைக் கட்டுறது எண்டு கேட்டால் நான் இப்ப முழுக்க இன்வேர்ட்டட் எல் (தலைகீழ் ‘எல்’ வடிவ வயர்) பக்கம். முந்தி 80க்கு இன்வேர்ட்டட் வி (தலைகீழ் ‘வி’ வடிவ வயர்) வச்சுத்தான் ஓடினனான், அதை இன்னும் கழட்டேல்ல, அதால ரெண்டையும் ஒரே இரவில மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்துத்தான் எழுதுறன்.

வி பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. 80க்கு மொத்தம் 40 மீற்றர் வயர், நடுவில ஒரு உயரமான இடம், ரெண்டு பக்கமும் சரிச்சு இழுத்துக் கட்டினால் சரி, றேடியல் (அன்ரெனா அடியில இருந்து நிலத்தில பரப்புற வயர்) ஒண்டும் வேண்டாம், செலவும் குறைவு, கட்டின அண்டைக்கே வேலை செய்யும். பிரச்சினை உயரம். என்ர தென்னையில 12 மீற்றர்தான் கிடைக்குது, 80 மீற்றரில அது அலைநீளத்தில ஏழில ஒரு பங்கு, அந்த உயரத்தில இருந்து விடுற சிக்னல் பெரும்பாலும் நேர மேல போய் கிட்டடியிலயே திரும்பி விழும். தென்னிந்திய ஸ்ரேஷன்கள் எல்லாம் பக்கத்து வீடு மாதிரிக் கேக்கும், ஆனா சிக்யூ வேர்ல்ட் வைட் கொன்ரெஸ்டில இந்தியா எங்களுக்கு ஒரு பொயின்ற்தான், ஒரே கண்டம் எண்டதால. யப்பானும் ஒண்டுதான். ஐரோப்பா மூண்டு, அதோட ஒவ்வொரு நாடும் ஒரு மல்ரிப்ளையர், அதாவது மொத்தப் பொயின்றைப் பெருக்கிற எண்ணில ஒண்டு கூடும். கொழும்பில இருந்து ஸ்கோர் ஏத்திறதெண்டால் ஐரோப்பாவை விட்டிட்டு வேற வழியில்லை.

எல் இதுக்கு நேர்மாறு. 12 மீற்றர் நேர மேல, மிச்சம் 8 மீற்றர் மதில் பைப் பக்கம் படுக்கையா, கீழ நிலத்தில றேடியல். மேல போற பகுதிதான் முக்கிய வேலை செய்யுது, அதால சிக்னல் தாழ்வான கோணத்தில போகுது. நாங்க இருக்கிறது தீவின்ர மேற்குக் கரை, ஐரோப்பா எங்களுக்கு வடமேற்கில, அந்தத் திசையில ரெண்டு ஒழுங்கை தாண்டினாப் பிறகு கன தூரத்துக்கு உப்புத் தண்ணி. நிமிர்ந்து நிக்கிற அன்ரெனாவுக்கு முன்னால கடல் இருக்கிறதை விடப் பெரிய வரம் வேற இல்லை, வேற ஊர்க்காரர் காசு குடுத்தும் வாங்கேலாத நிலம் எங்களுக்கு சும்மா கிடைச்சிருக்கு. பொழுதுபட்டு ஐரோப்பா கேக்கத் தொடங்கேக்க அன்ரெனா சுவிச்சை மாத்தினால் வித்தியாசம் உடனே விளங்கும், இந்தியா கொஞ்சம் இறங்கும், இத்தாலியும் பல்கேரியாவும் மேல வரும்.

ஆனா நான் எல்லுக்கு மாறினதுக்கு உண்மையான காரணம் சிக்னல் இல்லை, பராமரிப்பு. கடலோரத்தில அன்ரெனா வச்சிருக்கிற ஆக்களுக்கு உப்புக் காத்து என்ன செய்யும் எண்டு தெரியும். கேள்வி துருப்பிடிக்குமோ இல்லையோ எண்டது இல்லை, பிடிக்கும், அது எந்த உயரத்தில பிடிக்கப்போகுது எண்டதுதான். வியில பேலன் (கேபிளையும் வயரையும் இணைக்கிற சின்னப் பெட்டி), கோஅக்ஸ் (றேடியோவில இருந்து வாற கேபிள்) கனெக்ரர், ரெண்டு வயரும் வந்து சேருற மூட்டு எல்லாம் 12 மீற்றர் உயரத்தில, தென்னை உச்சியில. அதைப் பாக்கிறதெண்டால் மரம் ஏற ஆள் பிடிக்கோணும், இப்ப தெஹிவளைப் பக்கம் அப்பிடி ஆள் கிடைக்கிறது லேசில்லை, கிடைச்சாலும் அவர் வாற நாள் மழை. கப்பி போட்டு கயித்தில இறக்கலாமே எண்டு சொல்லுவினம், போடத்தான் வேணும், ஆனா கயிறு வெயிலுக்கு நார் நாராப் போகுது, கப்பியும் உப்புப் பிடிச்சு இறுகினால் கடைசியில ஆள்தான் ஏறோணும்.

ஒக்ரோபர், நவம்பர் கொழும்பில பின்னேரம் பின்னேரம் இடி மழை, கொன்ரெஸ்ட் வாறதும் அப்பதான். ஒருக்கா வியின்ர கோஅக்ஸை இறக்கி வெட்டிப் பாத்தன். வெளி உறை புதுசு மாதிரி இருந்தது, உள்ளுக்க பின்னல் கம்பி கறுத்துப் போய், நகத்தால சுரண்டினால் பச்சைத் தூள் விழுது, தண்ணி கனெக்ரரில இருந்து ஒரு முழத்துக்கு மேல உள்ளுக்க இறங்கியிருந்தது. ஆனா எஸ்டபிள்யூஆர் மீற்றர் (அனுப்பின பவரில எவ்வளவு திரும்பி வருது எண்டு காட்டுறது) அவ்வளவு நாளும் நல்ல இலக்கம்தான் காட்டினது. ஏனெண்டால் ஊறின கேபிள் பவரைப் போகேக்கயும் விழுங்கும், அன்ரெனாவில பட்டுத் திரும்பி வாறதையும் விழுங்கும், மீற்றருக்கு திரும்பி வாறது குறைவாத் தெரியும், நாங்க எல்லாம் சரி எண்டு நினைப்பம். 100 வாட் விட்டால் மேல எவ்வளவு போய்ச் சேருது எண்டு ஆருக்கும் தெரியாது.

எல்லில உச்சியில இருக்கிறது வெறும் வயரும் ஒரு இன்சுலேற்றரும், மூட்டு எண்டு ஒண்டுமே இல்லை. கரைச்சல் குடுக்கிற மூட்டு எல்லாம் முழங்கால் உயரத்தில ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள இருக்கு: கோஅக்ஸ் வந்து முடியுற இடம், றேடியல் எல்லாம் வந்து பூட்டுற ஸ்ரெயின்லெஸ் தட்டு. கொன்ரெஸ்டுக்கு முதல் கிழமை பெட்டியைத் திறந்து, நல்ல தண்ணியால உப்பைக் கழுவிக் காயவிட்டு, அரத்தாள் போட்டுத் தேச்சு, கிரீஸ் பூசி திரும்ப முறுக்கினால் முடிஞ்சுது, ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை. செம்பையும் அலுமினியத்தையும் நேர தொடவிடாதேங்கோ, உப்பு ஈரத்தில அலுமினியம் அரிச்சுப் போகும், நடுவில ஸ்ரெயின்லெஸ் வாஷர் போடுங்கோ.

றேடியலுக்கு விசேஷமான வயர் தேவையில்லை, வீட்டு வயரிங்குக்கு வாற 1/1.13 புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில வாங்கினனான், பிவிசி உறையோட, நுனியையும் அடைச்சு விட்டால் உப்பு ஏறாது. நிலத்தில படுக்கிற றேடியலுக்கு கால் அலை நீளம் எண்ட கணக்கு முக்கியமில்லை, நாலு நீளமானதை விட கட்டையா எண்ணிக்கையைக் கூட்டிறது நல்லது. கூட்டக் கூட்ட எஸ்டபிள்யூஆர் கொஞ்சம் ஏறினால் பயப்பிடாதேங்கோ, மண்ணில வீணாப் போனது குறையுது எண்டு அர்த்தம், பெட்டிக்குள்ள ஒரு சின்ன மட்ச்சிங் கொயில் போட்டு சரிப்படுத்தலாம். இதிலயும் தொல்லை இருக்கு, புல்லு வெட்டுற மெஷின் றேடியலை அறுக்கும், ஆனா அறுந்ததை இருந்த இடத்திலயே குனிஞ்சு ஒட்டலாம்.

எல்லின்ர பெரிய குறை இரைச்சல். நிமிர்ந்த அன்ரெனா பக்கத்து வீட்டு எல்ஈடி பல்ப், சோலார் இன்வேர்ட்டர், தூரத்து இடி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வரும். நான் வியைக் கழட்டாமல் வச்சிருக்கிறது இதுக்குத்தான், எல்லில அனுப்பி வியில கேட்டால் சில இரவில மெல்லிய சிக்னல் அதில தெளிவு. கேக்கிறதுக்கு மட்டும் எண்டால் அதின்ர கோஅக்ஸ் கொஞ்சம் பழுதானாலும் பெரிய நட்டமில்லை, இரைச்சலும் சிக்னலும் சேந்துதான் குறையும். பெவரேஜ் (கேக்கிறதுக்கு எண்டு தாழ்வா இழுக்கிற நீள வயர்) போடச் சொல்லுவினம், அது நல்லா வேலை செய்ய 160இல கிட்டத்தட்ட ஒரு அலை நீளம் வேணும், கொழும்பில ஆரின்ர வளவில அந்த நீளம்? கே9ஏவை லூப் (கேக்கிறதுக்கான சின்ன வளைய அன்ரெனா) ஒரு நண்பர் வீட்டில மட்டும் கேட்டனான், நல்லாத்தான் இருந்தது, என்ர வளவில சுவருக்கு இவ்வளவு கிட்ட அது எப்பிடி எண்டு அதை வச்சுச் சொல்லமாட்டன்.

160இல எனக்கு அனுபவம் குறைவு எண்டதையும் சொல்லிப்போடுறன். படுக்கை வயரை மதில் மூலையில மடக்கி 27 மீற்றருக்கு நீட்டினால் அதே எல் 160க்கு வரும், ஆனா 12 மீற்றர் உயரம் அந்த பாண்டுக்குக் கட்டை, றேடியல் குறைஞ்சால் பவர் முழுக்க மண் சூடாக்கத்தான் போகும். வியை அந்த உயரத்தில 160க்குப் போடுறது பற்றி நான் யோசிக்கவே மாட்டன். முதல்ல லைசென்ஸில உங்கட வகுப்புக்கு எந்த ஃபிரீக்குவென்சி வரைக்கும் விட்டிருக்கு எண்டு பாருங்கோ. தொடங்கிறதெண்டால் ஜனவரிக் கடைசியில வாற சிக்யூ 160 சிடபிள்யூ (மோர்ஸ்) கொன்ரெஸ்ட் நல்லது, அப்ப எங்கட பக்கம் இடி குறைவு, மற்றக் கண்டத்துக்கு 10 பொயின்ற், ஆசியாவுக்குள்ளயும் 5 எண்டதால இந்தியாவும் வீண் போகாது. டிசெம்பரில வாற ஸ்ரூ பெரி எண்ட 160 கொன்ரெஸ்ட் தூரத்துக்குத்தான் பொயின்ற் குடுக்குது, கொழும்பின்ர கிரிட் (இடத்தைக் காட்டுற கட்டக் குறியீடு) எம்ஜே96 கனபேருக்குத் தூரம், எங்களைப் பிடிக்க அவையும் காத்துக்கொண்டு இருப்பினம்.

வெள்ளவத்தையில ஃபிளாட்டில இருக்கிற ஆக்கள் இன்வேர்ட்டட் எல் பற்றி யோசிக்காதேங்கோ, கொங்கிறீட் மொட்டைமாடியில நில றேடியல் நடக்காது. அங்க 40 மீற்றருக்கு ஒரு வி, மொத்தம் 20 மீற்றர் வயர்தான், கட்டட உயரமே உங்களுக்கு உதவும், மூட்டும் கைக்கெட்டுற தூரத்தில இருக்கும். மனேஜ்மென்ற் கொமிற்றியிட்ட முதல் எழுத்தில அனுமதி வாங்கிப்போட்டுக் கட்டுங்கோ.