லூபஸ் கணக்கு நோட்டு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற மாதம் மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) உறுதியாகி மூன்று மாதமே ஆன ஒரு பெண் என் மடியிலிருந்த, என் பரிசோதனை எண்களின் அச்சுத்தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு எந்த ஆப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரை உள்ளே அழைத்துவிட்டார்கள். அவருக்குச் சொல்ல நினைத்ததையே எழுதுகிறேன். சி3, சி4 (நோய் கிளம்பும்போது பெரும்பாலும் குறையும் ரத்தப் புரதங்கள்) எல்லாம் எதற்கென்று தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

2019இல் நானும் செயலியில்தான் தொடங்கினேன். இரவு ஒன்பது மணிக்கு மணியடித்து, அன்று உடம்பு எப்படி என்று ஐந்து பொம்மை முகங்களில் ஒன்றைத் தொடச் சொல்லும். எட்டு மாதம் தவறாமல் தொட்டேன். பிறகு ஒரு நாள் செயலியையே நிறுத்திவிட்டார்கள். அதோடு என் முகங்களும் போயின. அன்றிலிருந்து அறிகுறிகளுக்கு ஒரு லாங் சைஸ் நோட்டு, பரிசோதனை எண்களுக்கும் மாத்திரை அளவுக்கும் கைப்பேசியில் ஒரு கூகுள் ஷீட். 2020 மார்ச், ஏப்ரலில், லூபஸுக்கு நான் போடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினைக் கொரோனா மருந்தென்று ஊரே வாங்கிக் குவித்தபோது, கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போட்ட மூன்று வாரங்களும் அதில் சிவப்புக் கட்டங்களாக இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் என்னை விடாமல் எரிச்சலூட்டுவது ஒரே ஒரு நெடுவரிசை: ஆன்டி-டிஎஸ்டிஎன்ஏ (சொந்த டிஎன்ஏவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு, நோய் கிளம்பும்போது பெரும்பாலும் ஏறும்). 2022 ஜூனில் 48 என்றிருந்த எண், செப்டம்பரில் 165 என்று வந்தது. கைப்பேசித் திரையில் கோடு தென்னை மரம்போல் நட்டுக்கொண்டு நின்றது. அன்றிரவு தூக்கமில்லை, விரல் கணுக்களை அழுத்தி அழுத்திப் பார்த்து, இல்லாத வலியை நானே வரவழைத்துக்கொண்டேன். மறுநாள் மருத்துவர் அந்த எண்ணை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல், அறிக்கையின் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த இயல்பு வரம்பின்மீது விரலை வைத்தார். பழைய அறிக்கையில் 30க்குக் கீழே இயல்பு. புதியதில் 100க்குக் கீழே. ஆய்வகத்தார் பரிசோதனைக் கிட்டை மாற்றியிருந்தார்கள். வரம்பால் வகுத்தால் முன்பு 1.6 மடங்கு, இப்போது 1.65 மடங்கு, அவ்வளவுதான். அந்த வகுத்தலையும் ரொம்ப நம்பக் கூடாது, எலைசா, கெமிலுமினசென்ஸ், கிரித்திடியா என்ற பரிசோதனை முறைகள் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் விதமே வேறு, ஆகவே ஒரே ஆய்வகம், ஒரே முறை என்று இருங்கள் என்றார். நான் ஆய்வகத்தை மாற்றவே இல்லையே, அதுவல்லவா தன்னை மாற்றிக்கொண்டது! நியாயமாகப் பார்த்தால் வரம்பை அவர்கள் அச்சிட்டுத்தான் தந்தார்கள். பார்க்காமல் விட்டவள் நான். நியாயம் புரிகிறது, கோபம்தான் இன்னும் போகவில்லை. இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் வரம்புக்கு ஒரு கட்டம், முறைக்கு ஒரு கட்டம் என்று மூன்று கட்டங்கள் நிரப்புகிறேன். சி3 அளவிலும் ஒருமுறை இப்படி ஏமாந்தேன்: வெளியூரில் பார்த்த 1.02 கிராம்/லிட்டரை மில்லிகிராம்/டெசிலிட்டர் நெடுவரிசையில் அப்படியே போட்டுவிட்டு, 102 ஆக வேண்டிய கோடு தரையில் கிடப்பதைக் கண்டு வெலவெலத்துப் போனேன்.

நான் எதிர்பாராத சந்தோஷம் நோட்டிலிருந்துதான் வந்தது. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் என்னால் ஒருநாளும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம்? அதனால் 'சடை' என்று ஒரு வரிசை போட்டேன். காலையில் நானே பின்னிக்கொண்டால் 0. நடுவில் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுத்துப் பின்னினால் 1. அம்மா பின்னிவிட்டால் 2. சீப்பில் வழக்கத்தைவிட அதிகமாக முடி வந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. 2021 ஆகஸ்டில் ஒன்பது நாள் தொடர்ந்து 2, அதில் ஏழு நாள் புள்ளி. அதே வாரத்தில் எடுத்த சிஆர்பி (உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சாதாரணமாக இருந்தது. லூபஸ் கிளம்பும்போது சிஆர்பி பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது, எகிறினால் கிருமித்தொற்றைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சி3 மட்டும் 96இலிருந்து 71க்கு இறங்கியிருந்தது. மருத்துவர் அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். ஆறு ஆண்டில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான்.

ஆனால் 'அசதி' என்று நான் நிரப்பிய பக்கங்களை யாரும் படம் எடுக்கவில்லை. மருத்துவர்கள் நோயின் வேகத்தைக் கணிக்கும் ஸ்லெடாய் அட்டவணையில் சி3, சி4 குறைவுக்கு 2, டிஎஸ்டிஎன்ஏ உயர்வுக்கு 2 என்று, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கே நான்கு மதிப்பெண் கிடைத்துவிடும். மதியம் பாத்திரம் தேய்க்க எழ முடியாமல் கிடக்கும் அசதிக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. அசதிக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதனால் சேர்க்கவில்லை என்பது சரியான வாதம்தான். இருந்தாலும் நோட்டில் பாதியை அடைத்திருப்பது அதுதானே.

2023இல் சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதம் (சிறுநீரகம் எவ்வளவு புரதத்தைக் கசியவிடுகிறது என்பதற்கான அளவு) 0.18, 0.31, 0.62 என்று மூன்று முறையாக ஏறியது. நடு எண்ணைத் தனியாகப் பார்த்திருந்தால் 'லேசாகக் கூடியிருக்கிறது' என்று போயிருக்கும். மூன்றும் ஒரே வரிசையில் நின்றதாலும், நோட்டில் சிறுநீரில் 'நுரை' என்று நான் பதினோரு இடத்தில் எழுதியிருந்ததாலும், 0.5ஐத் தாண்டிய அந்த வாரமே சிறுநீரகத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு நாள் குறித்தார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரை தொடங்கி ஒன்பது மாதத்தில் 0.2க்கு இறங்கியது. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் கடைசிவரை அசையவில்லை. என்னைத் தூங்கவிடாத டிஎஸ்டிஎன்ஏ அந்த ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட நேர்கோடாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஐந்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன். சிறுநீரகத்தைக் காப்பாற்றிய கணக்குக்கு இரண்டரையா என்றால், ஆமாம்; ரத்தம் கொடுத்த நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் அறிக்கை வரும்வரை போகும் இரண்டு இரவுகளை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். நேற்றுத்தான் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன் என்பதும் இந்த மதிப்பெண்ணுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தால் செயலி எதுவும் வேண்டாம், ஒரு நோட்டு வாங்குங்கள், அறிக்கையின் வலது ஓரத்தை முதலில் படியுங்கள் என்பேன். டிஎஸ்டிஎன்ஏ நெடுவரிசையைப் போன வாரம் ஷீட்டில் மறைத்து வைத்தேன். இன்று காலை சடை பின்னி முடித்ததும் அதைத் திரும்பத் திறந்து, தேதியை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.