4,350 ரூபாய் போச்சு, தும்மல் போகவில்லை

அலர்ஜி கேப்சூல் விற்று ஏமாற்றியவர்கள் இன்று காலைதான் என் நம்பரை பிளாக் செய்தார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். எழுந்ததும் எனக்கு அடுக்குத் தும்மல். செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டால் நிற்கும். ஆனால் கண்ணைச் சொக்கும், பைக் ஓட்ட முடியாது. அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது: குவெர்செட்டின், பிரோமலைன் கேப்சூல், 90 நாளில் அலர்ஜி வேரோடு போகுமாம். நம்பர் கொடுத்ததும் ஒரு பெண் கூப்பிட்டார். ஊரைக் கேட்டுவிட்டு, "எனக்க அம்மைக்க வீடு கருங்கல்தான் அண்ணே" என்றார். கருங்கல் எங்கள் மாவட்டத்து ஊர், 'எனக்க' எங்கள் ஊர்ப் பேச்சு. அந்த 'எனக்க'வில் விழுந்தேன். நம்ம ஊர்ப் பிள்ளை ஏமாற்றுமா? போனை வைக்கும் முன்பே 4,350 ரூபாய் ஜிபே செய்துவிட்டேன். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிற நேரத்தில்!

மூன்று டப்பாவுக்குப் பணம், வந்தது இரண்டு. 12 நாள் விழுங்கினேன், தும்மல் கூடியது. "உள்ளே கிடக்கிற நஞ்சு வெளியே வருது அண்ணே, நல்லதுதான்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஆள் மாறியது. "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா சார்?" அண்ணன் சார் ஆகிவிட்டேன்.

நேற்று ராத்திரி பார்த்தால், டப்பாவில் தேதி ஒட்டிய ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு தேதி, போன வருஷமே முடிந்தது. போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

மருந்துக்கடை அண்ணனிடம் காட்டினேன். குவெர்செட்டின் வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் இருப்பதுதானாம். ஆய்வகத்தில், தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமினை அடக்கினாலும், விழுங்கினால் உடம்பில் சேருவது கொஞ்சம்தானாம். பிரோமலைன் அன்னாசியிலிருந்து எடுப்பது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது என்றார். என் அம்மா சாப்பிடுவது அந்த மாத்திரைதான். "நீயும் ஒண்ணு போடு" என்று நீட்டியவன் நான். தொண்டையில் சிக்கும் என்று அவள் வாங்காததால் தப்பித்தோம்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. லேபிளில் உணவு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். சத்து கேப்சூலை நோய் தீர்க்கும் என்று விற்கச் சட்டத்தில் இடமில்லை. பார்சலை வீடியோ எடுத்துப் பிரியுங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். நானும் 4,350 ரூபாய்க்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து உங்களைக் கூப்பிடும்போது அந்தப் பெண்ணுக்கு அம்மைக்க வீடு கொல்லங்கோட்டிலோ குளச்சலிலோ இருக்கும்.